முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஓட்டு

1

என் மச்சான் காதர் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து எழுதிய கடிதம், போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் கடைக்குத் திரும்பியபோது கல்லாவின் மேல் கிடந்தது. கடிதம் நெடுக ஒரே குதூகலம். அவனுக்கு ஓட்டு வந்துவிட்டதாம். பட்டியலில் அவன் பெயர் அச்சில் ஏறியிருக்கிறதாம். அதை மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம். “நீதான் அங்கே முன்னாடியே போட்டவனாச்சே. உள்ளே போனதும் என்ன செய்யோணும், கையெழுத்துக் கேப்பாங்களா, யாருக்குன்னு சத்தமாச் சொல்லச் சொல்வாங்களா, எல்லாத்தையும் விவரமா எழுது. இங்கே நாலு பேருக்குப் படிச்சுக் காட்டோணும்” என்று கேட்டிருக்கிறான்.

உள்ளே செய்ய வேண்டியதைச் சொல்ல இரண்டு வரி போதும், காதரே. ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். திரை போட்ட மூலைக்குள், தேர்தலில் நிற்கிற ஆளுக்கு ஒரு நிறமாகப் பெட்டிகள் இருக்கும். உனக்குப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் வெளியே வரவேண்டும். அவ்வளவுதான் சங்கதி. எனக்குத் தாள் தேவைப்படுவதெல்லாம் வெளியே நடந்ததை எழுதத்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சிக்கந்தர் ராவுத்தர். இலங்கையில் தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். வந்து பதினைந்து வருஷமாகிறது. அதற்கு முன்னால் பொதிமாடு ஓட்டிக்கொண்டு கொல்லிமலைக்கு ஏறி, மிளகும் ஆமணக்கும் வாங்கிக் கீழே இறக்கி விற்றவன். மலைமேல் உள்ளவர்களுக்கு என்னை இன்னும் ஞாபகம் இருக்கும். நிறுவையில் நான் பிடித்த சண்டை அப்படிப்பட்டது.

2

காதர் இன்னொன்றும் எழுதியிருக்கிறான். அங்கே நம் சமூகத்துக்கு என்று தனித் தொகுதியாம். முஸ்லிம்கள் முஸ்லிமுக்குத்தான் போட முடியுமாம். அதனால் யாருக்கும் யாரோடும் வம்பில்லை, அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம் என்கிறான். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயும் முன்பு அப்படித்தான் இருந்தது. சட்டசபையில் இன்ன சாதிக்கு இத்தனை நாற்காலி என்று பங்கு பிரித்திருந்தார்கள். சிங்களவருக்கு இத்தனை, தமிழருக்கு இத்தனை, பறங்கியருக்கு, முஸ்லிம்களுக்கு, இந்தியருக்கு என்று தனித்தனியாக.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம். நான் எந்தப் பங்கு? முஸ்லிம் என்று போனால் இந்த ஊர் முஸ்லிம்கள் “நீங்கள் இந்தியக் கரையிலிருந்து வந்த ஆள், எங்கள் பங்கில் ஏன் கை வைக்கிறீர்கள்?” என்றார்கள். இந்தியன் என்று போனால் செட்டியார்கள் என் தொப்பியைப் பார்த்துவிட்டு முறுவலித்தார்கள். பேசுவது தமிழ்தானே என்று தமிழர் பக்கம் திரும்பினால், யாழ்ப்பாணத்துக்காரர் என் தமிழைக் கேட்டு “இதென்ன பாஷை?” என்றார். ஒரு மனுஷன் எத்தனை பேராக இருக்கிறான் என்பது எனக்கு அக்கரைக்கு வந்துதான் தெரிந்தது.

பிறகு சீமையிலிருந்து ஒரு கமிஷன் வந்து, இந்தப் பங்கெல்லாம் வேண்டாம், எல்லாரையும் இடம் பார்த்துப் பிரியுங்கள், ஒரு இடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு இன்னொன்று செய்தார்கள் பாருங்கள், அதுதான் அதிசயம். சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், வயது வந்த ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு என்றார்கள். கொழுந்து கிள்ளுகிற பெண்ணுக்கும் ஓட்டு! காதரே, உன் பட்டியலில் அப்படி ஒருத்தி இருக்கிறாளா, போய்ப் பார்த்துச் சொல்.

ஆனால் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை அதிகம் கேட்டார்கள். “நான் இங்கேயே இருக்கப் போகிறேன், திரும்பிப் போகமாட்டேன்” என்று அதிகாரியிடம் சொல்லவேண்டும். அவர் நம்பவேண்டும்.

எனக்கு அந்த நிபந்தனை மேல் கோபம் வந்தது. பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் பியதாசவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் நல்ல மனுஷர், சிங்களவர், என் மகள் ரஹ்மத்தைத் தன் பிள்ளை போலப் பார்ப்பவர். அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டே தனக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார்.

“முதலாளி, கோவிச்சுக்க வேணாம். இந்த மலையில ஒங்க ஆள்தான் கூட. எல்லாருக்கும் ஓட்டுக் குடுத்தா எங்க ஊர்ல எங்க ஆளுக்கே சீட் இல்ல. ஒங்களுக்கு ரெண்டு ஊர் இருக்கு. இங்க சரியில்லாட்டி அங்க போவீங்க. எனக்கு இது ஒண்ணுதானே?”

அவர் சொன்னதில் தப்பு எது என்று இரண்டு நாள் யோசித்தேன். தப்பு இருந்தது, ஆனால் முழுக்கத் தப்பில்லை. தோட்டத்தில் இரண்டு தலைமுறையாக முதுகு ஒடிகிறவனுக்கு இரண்டாவது ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் என்னைப் போன்றவனுக்கு இருந்ததே!

3

கொல்லிமலையில் நான் பார்த்த ஒரு கூட்டத்தை இங்கே சொல்லியாகவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

திண்ணனூர் நாட்டில் மிளகு எடுக்கப் போயிருந்தேன். பக்கத்து நாட்டுக்காரர்களோடு வழித்தடம் ஒன்றில் தகராறு. நாடு என்றால் அங்கே பத்துப் பதினைந்து குக்கிராமம் சேர்ந்த ஒரு தொகுப்பு. கூட்டம் முடியாமல் ஒருவரும் மிளகு நிறுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். இரண்டு நாள் மாட்டுக்குத் தீனி வாங்கிப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தேன். வேறு வேலை இல்லாததால் கூட்டத்தைக் கவனித்தேன்.

ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரே ஒருவர்தான் பேசுவார். மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். நின்றால் சம்மதம் என்று பொருள். முன்னால் போனவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது பின்னால் நிற்கிற அத்தனை பேரின் வார்த்தை. அதற்கப்புறம் அவர்களில் ஒருவன் மாற்றிச் சொன்னால் அவனோடு யாரும் பெண் கொடுத்து எடுக்கமாட்டார்கள். நூறு குடும்பம் உள்ள வகையறாவுக்கும் ஒரு ஆள்தான், ஏழு குடும்பத்துக்கும் ஒரு ஆள்தான். கை தூக்குவது கிடையாது, தலை எண்ணுவது கிடையாது. ஒரே ஒரு வகையறா முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தால்கூடக் கூட்டம் கலையாது. கேட்டவருக்கு அங்கேயே பதில் சொல்லி அனுப்ப வேண்டும்.

“பின்னால நிக்கறவனுக்கு மனசுல வேற நெனப்பு இருந்தா என்னங்க பண்றது?” என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

“அதையெல்லாம் அவன் ஊட்லயே சண்டை போட்டு முடிச்சுட்டுத்தானுங்க வரோணும்” என்றார் அவர். அவர் பெயர் சடையன். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். அதற்கப்புறம் அவர் மிளகு எனக்குத்தான்.

நான் கப்பல் ஏறிச் சில வருஷம் கழித்து மலையில் மழை பொய்த்தது. கங்காணி ஒருவன் ஆள் பிடிக்க வந்தபோது, என் கடை இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு பக்கத்துத் தோட்டம் என்றால் வருகிறோம் என்றாராம் சடையன். தன் வகையறாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குழந்தைகளை விட்டுக் கணக்குப் பார்த்தால் ஆணும் பெண்ணுமாக முப்பத்திரண்டு பேர். நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்திருந்தார். ஊர் நோன்பி, அதாவது திருவிழா வந்து கிடாய் வெட்டினால் இவர் இல்லாவிட்டாலும் இவர் வீட்டுக்கு ஒரு கூறு கறி தேக்கிலையில் எடுத்து வைப்பார்களாம். அது நின்றால் நாட்டிலிருந்து பெயர் அழிந்தது என்று அர்த்தம். தம்பியிடமிருந்து கடிதம் வரும்போதெல்லாம் என்னிடம்தான் படிக்கச் சொல்வார். மழையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கூறு எடுத்து வைத்தார்களா என்றுதான் கேட்பார்.

4

இவர்கள் இருந்த லயத்துக்கும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கும், ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. மழைக்காலத்தில் அது ஆறு. மேலே இரண்டு கமுகு மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், அதுதான் பாலம். பாசி பிடித்து வழுக்கும். ஆஸ்பத்திரி, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் ரோட்டுப் பக்கம்.

ஒரு ஆனி மாதம் சடையனின் மருமகள் பிறந்து பதினோரு நாளான பிள்ளையைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தாள். வழுக்கி விழுந்தாள். அவளைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். பிள்ளையை இழுக்க முடியவில்லை. அதற்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

அதற்கப்புறம் நான் பாலத்துக்காக ஏறி இறங்காத இடமில்லை. தோட்டத்துத் துரை, “ஓடை சர்க்காருடையது” என்றார். சர்க்கார் ஆபீசான கச்சேரியில் போய்க் கேட்டால், “கரை தோட்டத்துடையது” என்றார்கள். ஒரு குமாஸ்தா மட்டும் உண்மையைச் சொன்னார். “அந்தப் பக்கம் ஓட்டு இருந்தால் பாலம் தானாக வரும், முதலாளி.”

அன்றிலிருந்து எனக்கு ஓட்டுப் பைத்தியம் பிடித்தது. பெயர் பதிகிற அதிகாரி விசாரணைக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் முப்பத்திரண்டு பேருக்கும் நானே மனு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். “திரும்பிப் போவாயா என்று கேட்பார். மாட்டேன், இங்கேயேதான் இருப்பேன் என்று சொல்லவேண்டும்.” பெண்கள் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்கள். சடையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “பாலத்துக்காகத்தானுங்களே... பாக்கலாமுங்க” என்றார். அந்தப் “பாக்கலாமுங்க”வை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் வீட்டிலேயே என் பேச்சு எடுபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கும் ஒரு மனு எழுதினேன்.

“ஏனுங்க, இங்கயே கெடந்து சாகறேன்னு நானே எழுதிக் குடுக்கோணுமா?” என்று அவள் எகிறினாள். “எங்க அம்மாயிக்கு யாரு பதில் சொல்றது? வேணும்னா நீங்க சாவுங்க!”

ரஹ்மத்துக்கு அப்போது பத்து வயது. பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “ஏன் அத்தா, நாம எங்க போகப் போறோம்? நம்ம ஊர் இதுதானே?” என்று கேட்டாள். இந்தக் கடைவீதியைச் சொல்கிறாள். அவளுக்குச் சிங்களத்தில் கனவு வருகிறதாம். காளப்பநாயக்கன்பட்டி அவளுக்கு நான் அடிக்கடி அலுப்புத் தட்டப் பேசுகிற ஒரு விஷயம், அவ்வளவுதான். தாயும் மகளும் ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு வெவ்வேறு ஊரில் இருந்தார்கள். நான் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் கடைக்கு இறங்கிப் போனேன்.

5

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதிகாரி இங்கிலீஷ் பேசுகிறவர். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர். சடையனின் ஆட்கள் வரிசையாக நின்றார்கள், எனக்குக் கடைசி இடம்.

யாரை முதலில் அனுப்புவது என்று கேட்டபோது, “சடையண்ணா, நீங்க முன்னால போங்க” என்று சொன்னவன் நான். எனக்குப் புத்தி இருந்ததா? இரண்டு நாள் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தை உட்கார்ந்து பார்த்தவன் நான். பெரியவர், தெளிவாகப் பேசுவார், அதிகாரிக்கு மரியாதை வரும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

“உமக்கு இந்தியாவில காணி இருக்கோ?” என்று கிளார்க் கேட்டார்.

சடையன் நிமிர்ந்தார். “இருக்குதுங்க. திண்ணனூர் நாட்ல. தம்பி பாத்துக்கறானுங்க.”

“திரும்பிப் போற எண்ணம் இருக்கோ? இல்லாட்டி இங்கையே இருக்கப் போறீரோ?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். பின்னால் நின்ற மருமகளையும் பார்த்தார். பாலம் வேண்டும் என்று அவரைவிட யாருக்கு ஆசை? பிறகு மெதுவாகச் சொன்னார்.

“போவோமுங்க. எப்போன்னு தெரியாதுங்க. ஆனா போகமாட்டேன்னு என் வாயால சொல்ல வரலீங்க. அங்க என் கூறு இருக்குதுங்க.”

கிளார்க் மொழிபெயர்த்தார். அதிகாரி மனுவில் அவர் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். அடுத்தவன் வந்தான். நான் நாலு ஞாயிற்றுக்கிழமை பாடம் சொல்லிக் கொடுத்தவன், அட்சரம் பிசகாமல் ஒப்பித்தவன்.

“அண்ணன் சொன்னதுதானுங்க” என்றான்.

அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். அதிகாரிக்குச் சந்தேகம் வந்து, “ஒவ்வொருவரும் தன் எண்ணத்தைச் சொல்லவேண்டும், மற்றவர் எண்ணத்தை அல்ல” என்று கடுமையாகச் சொல்லச் சொன்னார். கிளார்க்கும் சொன்னார். மருமகள் முறை வந்தது. அவளாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, “மாமா சொன்னதுதானுங்க” என்றாள். முப்பத்திரண்டு கோடு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சடையனைக் கண்டபடி திட்டியிருப்பேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“நீர் இங்கையே இருக்கப் போறீரோ?”

மற்றவர்களுக்கு அத்தனை சுலபமாகச் சொல்லிக்கொடுத்த வார்த்தை எனக்கு அத்தனை சுலபமாக வரவில்லை. காளப்பநாயக்கன்பட்டியில் என் அத்தாவின் கபர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எனக்கு என்று நானே மனதுக்குள் ஒரு இடம் போட்டு வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு ஆமாம் என்றால் அந்த இடம் யாருக்கு? ரஹ்மத்தை நினைத்தேன். அவள் இருக்கிற இடத்தை விட்டு நான் எங்கே போகப் போகிறேன்?

“ஆமாம்” என்றேன். அதிகாரி கோடு போடவில்லை. வெளியே வந்து மரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். சடையன் வந்து, “மன்னிச்சுருங்க ராவுத்தருங்க” என்றார். எதற்கு யார் யாரை மன்னிப்பது என்று தெரியவில்லை. ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு அவரவர் வழியில் போனோம்.

6

எங்கள் தொகுதியில் நின்றவர்கள் இரண்டு பேர். சிவப்புப் பெட்டிக்காரர் இந்தியத் தமிழர், பெரிய வியாபாரி. பச்சைப் பெட்டிக்காரர் கண்டியிலிருந்து வந்த சிங்கள வக்கீல்.

இதில் நான் கவனித்த வேடிக்கையைக் காதருக்காகவே எழுதுகிறேன். நம்மவரான சிவப்புப் பெட்டிக்காரர் எங்கள் கடைவீதிக்கு ஒரு தடவைகூட வரவில்லை. நம்மவர் ஓட்டு நமக்குத்தானே, எங்கே போய்விடும் என்ற நினைப்பு. வக்கீலோ மூன்று தடவை வந்தார். தன் ஆட்களின் ஓட்டு மட்டும் அவருக்குப் போதாது. என் கடையின் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து, சர்க்கரை கம்மியான என் டீயைக் குடித்து, தெரியாத தமிழில் ரஹ்மத்தின் படிப்பை விசாரித்தார். அவள் சிங்களத்தில் பதில் சொன்னதும் அசந்துபோனார். தனித்தனியாகப் பங்கு போட்டிருந்தால் அந்த மனுஷர் என் கடை வாசலை ஏறிட்டுப் பார்த்திருப்பாரா? பார்த்திருக்கமாட்டார். அதே சமயம், பங்கு இருந்திருந்தால் பியதாசவுக்கு என்னை நினைத்துப் பயமும் வந்திருக்காது. எது நல்லது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காதர், உன் தொகுதிக்காரர் உன் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தார் என்று எழுது. பிறகு பேசலாம்.

வக்கீலிடம் பாலத்தைச் சொன்னேன். பெயர் வைக்காத பிள்ளையையும் சொன்னேன். “பார்ப்போம்” என்றார். எல்லா ஊரிலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அந்தப் பக்கத்தில் பட்டியலில் எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

7

ஓட்டு அன்று காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடைவாசலில் சடையன் நின்றார். குளித்து, திருநீறு பூசி, தலைப்பாகை கட்டியிருந்தார். பின்னால் முப்பத்தியொரு பேரும் இருந்தார்கள். பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாததால் அவர்களுக்குப் பேர் விழாது, அதாவது ஒரு நாள் கூலி போச்சு.

“என்னங்க சடையண்ணா, எங்க கெளம்பிட்டீங்க?”

“நீங்க முன்னால போறீங்க. நாங்க பின்னால நிக்க வேண்டாமுங்களா?”

“உங்க பேரு பட்டியல்ல இல்லீங்களே! உள்ள விடமாட்டாங்க.”

“நாங்க ஏனுங்க உள்ள வாரோம்? பேசறது நீங்கதானுங்க. நாங்க நிக்கத்தான் வந்தோம்” என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு ராவுத்தன் மலைக்காரர் வகையறாவுக்கு முன்னால் நடப்பது கொல்லிமலை பிறந்த நாளிலிருந்து நடந்திருக்காது. பியதாச ரொட்டித் தட்டோடு வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பள்ளிக்கூடத்து வாசலில் போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். சடையன் எல்லாரையும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப்போய், என் முதுகுக்கு நேரே வரும்படி வரிசை சரிசெய்துகொண்டு நின்றார்.

உள்ளே போனேன். சீட்டு உள்ளங்கை அகலம்தான். எந்தப் பெட்டியில் போட்டேன் என்பதைச் சொல்லமாட்டேன், அது சட்டம். போட்டுவிட்டு வந்தேன்.

“சொல்லிட்டீங்களா?” என்று ஓடி வந்தார் சடையன்.

“போட்டுட்டேனுங்க.”

“என்ன பதில் சொன்னாங்க?”

“பதிலெல்லாம் சொல்லமாட்டாங்க. அது பொட்டிதானுங்களே. யாரு போட்டான்னுகூட அதுக்குத் தெரியாது.”

அவர் திகைத்துப் போனார். “பேரே தெரியாமப் போனா அப்புறம் குறை கேக்கறது யாருங்க? பதில் வாங்காம எப்படிங்க ஊட்டுக்குப் போறது?” சுற்றும் முற்றும் பார்த்தார். சற்றுத் தள்ளி ஆலமரத்தடியில் வக்கீலின் கார் நின்றது. வக்கீல் வெளியே நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். “அவருதானுங்களே கேட்டு வந்தவரு? வாங்க, அவரையே கேப்போம்.”

நான் வேண்டாம் என்பதற்குள் நடந்துவிட்டார். முப்பத்தியொரு பேரும் நடந்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் நடந்தேன். கல்யாணச் சேலையும் தலைப்பாகையுமாக ஒரு கூட்டம் ஓட்டுச்சாவடிப் பக்கமிருந்து தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் வக்கீலின் முகம் மலர்ந்தது. சடையன் அவருக்கு முன்னால் போய் நின்றார். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள்.

“பாலமுங்க” என்றார் சடையன். மருமகள் அன்று விசாரணையில் நின்றதுபோலவே அவருக்குப் பின்னால் நின்றாள்.

வக்கீல் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். எழுதுவதற்கு முன் என்னைப் பார்த்து, கடைப் பழக்கத்தில் எனக்கும் கொஞ்சம் புரிகிற இங்கிலீஷில் கேட்டார், “இவர்கள் எல்லாரும் போட்டுவிட்டார்களா?”

இல்லை என்றால் அந்தப் பென்சில் மறுபடி பைக்குள் போய்விடும். ஆமாம் என்றால் நான் பொய்யன். ஏற்கெனவே ஒரு அதிகாரி முன்னால் ஒரு ஆமாம் சொல்லி, அது பொய்யா மெய்யா என்று இன்றுவரை தெரியாமல் இருப்பவன். அதனால் கேள்வியை அப்படியே சடையனிடம் தள்ளிவிட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், நடப்பது நடக்கட்டும் என்று நினைத்தேன்.

“நீங்க எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சான்னு ஐயா கேக்கறாருங்க.”

இதென்ன கேள்வி என்பதுபோல சடையன் என்னைப் பார்த்தார். “போட்டாச்சுங்களே! நீங்கதானுங்க போயிப் போட்டீங்க. நாங்க அத்தனை பேரும் பின்னால நின்னமுங்களே.”

“போட்டாச்சு என்கிறார்” என்று மொழிபெயர்த்தேன். மிச்சத்தை மொழிபெயர்க்கவில்லை. வக்கீல் தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சடையன் பதில் வாங்கிய திருப்தியோடு தன் ஆட்களைத் திருப்பி நடத்திக்கொண்டு போனார். கார் கிளம்பும்வரை நான் அங்கேயே மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

வக்கீல் ஜெயித்தார். அடுத்த மழைக்கு முன்னால் ஓவர்சியர் ஒருவர் சங்கிலியோடு வந்து ஓடையை அளந்தார். சடையனும் நாலைந்து பேரும் சங்கிலியைப் பிடிக்க உதவினார்கள். அளந்து முடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து ஒரு படிவத்தை எடுத்தார் ஓவர்சியர். அதில் பல கட்டம். நிரப்பிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நின்று, தலையைத் தூக்காமல் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

“அக்கரையில் எத்தனை ஓட்டு, முதலாளி?”

இந்தத் தடவை நான் சடையன் பக்கம் திரும்பவில்லை.

“முப்பத்திரண்டு” என்றேன்.